நாலாவது அடி

"எந்தப் போதைக் காளானைத் தின்னுட்டு அந்த ஆல்பத்தைப் போட்டீங்க, மேடம்?"

வணக்கம்கூடச் சொல்லவில்லை யுகேந்திரன். சென்னையில் ராப் பாட்டுகளுக்கு பீட், அதாவது தாளக்கட்டு, போடுகிறவன். நாற்பத்திரண்டு வயது, நரைத்த தாடி. இந்த வயதில் கேட்கிற கேள்வியா இது? கேட்டுவிட்டான்.

ரெஜினா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவனைவிட ஆறு வயது சின்னவள். பத்து வருடத்துக்கு முன் ஒரே ஒரு ஆல்பம் போட்டாள். அதோடு கொடைக்கானலுக்கு மேலே, பஸ் திரும்பிப் போகிற கடைசி ஊரில் வந்து குடியேறிவிட்டாள். அந்த ஆல்பத்தைக் கேட்டால் சுவர் மூச்சுவிடும், நிறம் மணக்கும் என்று எழுதாத ஆள் இல்லை.

"நான் எதையும் திங்கல."

"பொய்."

"சரி, பொய். கிளம்புங்க."

கிளம்பவில்லை. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான்.

"மூணு வருஷமா காளான் திங்கிறேன், மேடம். சுவர் நெளியுது. கடவுளே வந்து பேசுறார். பீட் மட்டும் வரல."

"கடவுள் என்ன சொன்னார்?"

"ஞாபகம் இல்ல."

"நல்லதாப் போச்சு."

"சிரிக்காதீங்க. வேலையை விட்டுட்டேன். பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா. இந்த ஆல்பமும் வரலன்னா நான் ஒண்ணுமே இல்ல."

லேப்டாப்பைத் திறந்தான்.

"உங்க பீட்டை அளந்து பார்த்தேன். மூணு அடி நேரத்துக்கு விழுது. நாலாவது மட்டும் தள்ளி விழுது. ஒவ்வொரு தடவையும் வேற வேற தள்ளல். அப்படியே காப்பி அடிச்சேன். பொணம் மாதிரி கிடக்குது. அந்த நாலாவது அடி எங்கிருந்து வந்துச்சு? எனக்கு அதுதான் வேணும்."

ரெஜினா கத்தியைக் கீழே வைத்தாள்.

"டோமினிக்! இங்க வா."

உள்ளேயிருந்து அவள் தம்பி வந்தான். முப்பத்துநாலு வயதிருக்கும். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். விரலால் தட்டி பீட் வாசிக்கிற பெட்டியை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"தின்னது இவன். இருபத்திரண்டு வயசுல, ஒரு வாரம் விடாம. அதுக்கு முன்னாடி இந்தக் கை தப்பினதே கிடையாது. ஆல்பத்துல தட்டினதும் இவன்தான். நான் பதிவு பண்ணினேன், அவ்வளவுதான். தட்டுடா."

தட்டினான். ஒன்று. இரண்டு. மூன்று.

விரல் அந்தரத்தில் நின்றது. எதையோ தேடியது. உதடு நடுங்கியது, நெற்றி வியர்த்தது. பிறகு விழுந்தது.

யுகேந்திரனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதேதான்!

"சரியா வந்துச்சாக்கா?"

"வந்துச்சுடா, கண்ணு."

"நேத்தும் இதையேதான் சொன்னே."

ரெஜினா பெட்டியைப் பிடுங்கி யுகேந்திரன் முன்னால் வைத்தாள்.

"நீங்க தட்டுங்க, சார்."

கண்ணை மூடிக்கொண்டு தட்டினான். ஒன்று. இரண்டு. மூன்று.

நான்கு. மயிரிழை பிசகாமல் விழுந்தது.

டோமினிக் கைகொட்டிக் குதித்தான். "அக்கா, அண்ணனுக்கு வருதுக்கா! இவருக்கு வருது!"

யுகேந்திரன் இன்னொரு தடவை தட்டிப் பார்த்தான். அப்போதும் சரியாகவே விழுந்தது. ஏமாந்துபோனான்.

தன் கை கெட்டுப்போகவில்லையே என்றுதான் ஏமாந்தோம் என்பது உறைத்ததும், சூடு பட்டவன் போலக் கையை இழுத்துக்கொண்டான்.