காலிப் பல்லக்கு

வில்லியூர் மடத்துக்குப் புதிதாய் வந்த சாமி, பல்லக்கு வேண்டாம், நடந்தே வருகிறேன் என்றுவிட்டார். பாதி ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. மீதி, மடத்து மானம் போச்சு என்றது.

காரியஸ்தர் தாண்டவராயர், பல்லக்குத் தூக்கும் சடையனை அழைத்தார். "திருவிழாவில் பல்லக்கு காலியாகப் போனால் மரபு கெடும். யாரையாவது ஏற்று. இல்லையென்றால் உனக்கு வேலை இல்லை."

"சாமிக்கு அடுத்த பெரியவர் நீங்கதானுங்க. ஏறுங்க."

திருவிழாவன்று தாண்டவராயர் மீசையைத் தடவிக்கொண்டு ஏறினார். நாலடி போனதும் சடையன் காய்த்த தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். முன்னால் நடந்த சாமி திரும்பி வந்து, தண்டுக்குத் தன் தோளைக் கொடுத்தார்.

தாண்டவராயர் பதறிக் குதித்தார். "சாமி தூக்கலாமா?"

"தோள் காலியாக இருந்தாலும் மரபு கெடுமுங்களே" என்றான் சடையன்.

சாமி சிரித்து, தன் துண்டை அந்தக் காய்த்த தோளில் போட்டார். "இனி என்னோடு நடந்து வா."

காலிப் பல்லக்கை இறக்கி வைத்துவிட்டு, சடையன் சாமியோடு நடந்தான்.