நீலனுக்கு ஒரு சிட்டிகை

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு அறுபத்துமூன்று. தூத்துக்குடியில் கடல்மீனை வீட்டில் வைத்து வளர்க்கிறவர்களுக்கு இதில் விசித்திரம் எதுவும் தெரியாது. தொட்டியில் ஒரு மீன் சாய்ந்து நீந்தினால் அவர்கள் சாமியைக் கூப்பிடும் முன் செலின் டீச்சரைக் கூப்பிடுவார்கள்.

சீடர் சங்கரநயினார், உப்பளத்தில் முப்பது வருடம் மேற்பார்வையாளராக இருந்தவர். தொட்டித் தண்ணீரில் உப்பு சரியா என்று விரலால் தொட்டு நாக்கில் வைத்தே சொல்லிவிடுவார். டீச்சரின் மீட்டரும் அதையேதான் காட்டும். தண்ணீரில் குறையில்லை. குறை நீலனிடம் இருந்தது.

நீலன் ஒரு டாம்சல், நீல நிறக் கடல்மீன். விரல் நீளம்கூட இல்லை. நான்கு வருடமாக அந்த நான்கடித் தொட்டியில் ராஜாவாக இருக்கிறான். அவனோடு விட்ட இரண்டு கோமாளி மீன்களையும் விரட்டி விரட்டிக் கடித்தே கொன்றுவிட்டான். மூன்றாவது கோமாளி வந்து பத்து நாள் ஆகிறது. வால் கிழிந்து, மேல்மூலையில் மோட்டாருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நின்றது.

டீச்சருக்குப் போன் செய்தவர் சங்கரநயினார் அல்ல, அவருடைய மருமகள் வேல்கனி. "இன்னைக்குத் தாங்காது டீச்சர். ஒருக்க வந்துட்டுப் போங்க" என்றாள்.

காலை எட்டரைக்கெல்லாம் டீச்சர் வந்துவிட்டார். சங்கரநயினார் கைவலையோடு தொட்டி முன்னால் நின்றிருந்தார்.

"நீலனை எடுத்துரவா டீச்சர்? நாலு வருசமா எங்கூட இருக்கான். மனசு கேக்க மாட்டேங்கு."

"வலையைக் கீழ வைங்க அண்ணாச்சி. தெனமும் என்ன செய்வியளோ அதைச் செய்யுங்க. நான் பாக்கேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டீச்சர் பக்கத்தில் நின்றார்.

கோமாளி ஒரு சாண் கீழே இறங்கியது. அவ்வளவுதான். பாறைப் பொந்திலிருந்து நீலன் ஒரே பாய்ச்சலாக வந்து அதன் அடிவயிற்றில் இடித்தான். கோமாளி கண்ணாடியில் மோதிக்கொண்டு மேலே ஓடியது. நீலன் விடவில்லை.

சங்கரநயினாரின் கை தீனி டப்பாவுக்குப் போனது. ஒரு சிட்டிகை எடுத்து மறுகோடியில் தூவினார். நீலன் சண்டையை விட்டுவிட்டுத் தின்னப் போய்விட்டான்.

"இப்படித்தான் விலக்கி விடுவேன்" என்றார். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "உப்பளத்துலயும் இதே கததான். கோவக்காரன்ட்ட மல்லுக்கு நிக்கக் கூடாது. அவன் கவனத்த வேற பக்கம் திருப்பி விட்டுரணும்."

"ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

"மொதல்ல மூணு நாலு. இப்பம் இருவது இருக்கும்."

டீச்சர் குனிந்து டப்பாவில் மிச்சமிருந்த தீனியைப் பார்த்தார்.

அப்போது அடுக்களையில் சத்தம் எழுந்தது. சங்கரநயினாரின் ஒரே மகன் தினகரின் குரல். "சட்னியில உப்பு இருக்கா பாத்தியா? நாக்கு செத்துப்போச்சா உனக்கு?" ஒரு தட்டு சுவரில் மோதி விழுந்தது. வேல்கனியின் குரல் கேட்கவே இல்லை.

சங்கரநயினார் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே கூப்பிட்டார். "ஏ ராசா, இங்க வா. வெயிலுல பைக்ல போவாண்டாம். அப்பா காரை எடுத்துட்டுப் போ."

தினகர் வந்தான். முகம் தெளிந்திருந்தது. "வாங்க டீச்சர், நல்லா இருக்கியளா?" என்று மரியாதையாகக் கேட்டான். சாவியை எடுத்துக்கொண்டு போனான். வாசலில் கார் கிளம்பியது.

"மனசு வெள்ளை டீச்சர். என்ன, கொஞ்சம் முன்கோவம்" என்றார் அப்பா.

வேல்கனி காபி கொண்டுவந்தாள். டம்ளரை வைத்த கையில் மணிக்கட்டுக்கு மேலே நான்கு விரல் பதிந்த தடம் இருந்தது. இன்றையது இல்லை, பழையது. டீச்சர் அதைப் பார்த்தார். வேல்கனி தொட்டியைப் பார்த்தாள். பத்து நாளாக அந்த வீட்டில் எல்லோரும் மீனுக்காகத்தான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

நீலன் தின்று முடித்தான். முன்பக்கக் கண்ணாடிக்கு வந்து, சங்கரநயினாரின் முகத்துக்கு நேராகச் சற்று நேரம் நின்றான். பிறகு திரும்பிக் கோமாளியைத் துரத்தினான்.

"பாத்தியளா அண்ணாச்சி?"

"வெரட்டுதான்."

"அதுக்கு முன்ன என்ன செஞ்சான்?"

அவர் தொட்டிக்குள் உற்றுப் பார்த்தார்.

"உங்க மூஞ்சியப் பாத்தான். பாத்துட்டுத்தான் வெரட்டுதான்."

சங்கரநயினாரின் கை மறுபடி டப்பாவைத் தேடியது. டீச்சர் அதை எட்டாத தூரத்துக்கு நகர்த்தினார்.

"கைய மடியில வைங்க."

தீனி வரவில்லை. நீலன் இன்னொரு தடவை முன்கண்ணாடிக்கு வந்து பார்த்தான். பிறகு முன்னைவிட மூர்க்கமாகப் பாய்ந்தான். கோமாளியின் வாலில் மிச்சமிருந்த ஓரமும் கிழிந்தது. அது ஒருக்களித்து மெல்ல மணலுக்கு இறங்கியது.

"செத்துரும் டீச்சர்" என்றார்.

"இப்படியே இருந்தா செத்துரும். சட்டைக்கையை மடக்குங்க. கல்லு அத்தனையும் வெளிய வரணும்."

"நீலன் பொந்துமா?"

"அதத்தான் மொதல்ல."

சங்கரநயினார் தோள்வரை கையை விட்டார். நீலன் அவர் விரலையே கடித்தான். நான்கு வருடமாகத் தீனி போட்ட விரல். அவருக்கு வலித்ததைவிட அவமானமாக இருந்தது. கல் ஒவ்வொன்றாகத் தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளிக்குப் போனது. தண்ணீர் கலங்கியது. டீச்சர் பாறைகளை எதிர்ப்பக்கத்தில் வேறு விதமாக அடுக்கினார். நீலனின் பொந்து இருந்த இடத்தில் வெறும் மணல் கிடந்தது.

கலங்கல் தெளிய அரைமணி நேரம் ஆயிற்று. சங்கரநயினார் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

நீலன் தொட்டியின் நடுவில் அலைந்துகொண்டிருந்தான். மணலில் கிடந்த கோமாளி நிமிர்ந்தது. இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு சந்து இருப்பதைக் கண்டது. மெல்ல உள்ளே நுழைந்துகொண்டது.

நீலன் முன்கண்ணாடிக்கு வந்தான். சங்கரநயினாரைப் பார்த்தான். சந்துப்பக்கம் பாதித் தூரம் போனான். திரும்பி வந்து மறுபடி பார்த்தான். அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவன் மறுபடி போனான், மறுபடி வந்தான். கடைசியில் வேறொரு கல்லுக்கு அடியில் போய் ஒதுங்கினான்.

சங்கரநயினார் மூச்சு விட்டார்.

"தீனி காலைல ஒருக்க, சாயந்தரம் ஒருக்க" என்றார் டீச்சர். "அவன் வெரட்டுத நேரத்துல ஒரு பொட்டுகூட விழக் கூடாது. அதுக்கும் அடங்கலன்னா சொல்லுங்க. நான் வந்து எடுத்துட்டுப் போயிருதேன். கோமாளிய இல்ல, நீலனை."

"சரி டீச்சர்." அவர் கொஞ்சம் தயங்கினார். "பழகுன பழக்கம். மறக்க எத்தன நாளு ஆவும்?"

டீச்சர் ஈரக் கையைத் துண்டில் துடைத்தார். அடுக்களை வாசலில் வேல்கனி நின்றுகொண்டிருந்தாள்.

"மீனுக்கு ஒரு வாரம் ஆவும்" என்றார் டீச்சர். "உங்க மவனுக்கு இப்பம் என்ன வயசு அண்ணாச்சி?"