தீப்பந்தம் தணிகாசலத்தின் மெழுகுச் சிலை

அனல்மேட்டு வெயில் பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட வேலைநிறுத்தம் செய்ததில்லை. அந்த ஊர்க் கோழி முட்டையிட்டுவிட்டு எழுந்தால் முட்டை அவிந்திருக்கும் என்று சுற்றுவட்டாரத்தில் கேலி பேசுவார்கள். அனல்மேட்டுக்காரர்கள் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. கோழிக்கு எதிரே உப்பும் மிளகுத்தூளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

அந்த ஊரில் பொதுநலச் சங்கம் என்று ஒன்று உண்டு. அதை ஆரம்பித்தவர் தீப்பந்தம் தணிகாசலம். தீப்பந்தம் என்பது யாரும் கொடுத்த பட்டமல்ல. அவரே எழுதி அவரே அச்சடித்த துண்டறிக்கையில் அவரே போட்டுக்கொண்டது. வாழ்நாளெல்லாம் போராடியவர். போராடியதெல்லாம் வெற்றி. ‘அனல்மேட்டில் பேருந்து நிற்க வேண்டும்’ என்று சாலையில் படுத்தார். பேருந்து நின்றது. அதற்கப்புறம் கிளம்பவே இல்லை. இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது, ஆடுகள் ஏறி இறங்குகின்றன. ‘சாராயக் கடையை மூடு’ என்று முழங்கினார். சங்கத்தார் ஓடிப்போய்க் கதவை மூடிவிட்டு வந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் தூசி தொந்தரவில்லாமல் குடித்தார்கள்.

இவ்வளவு சாதித்தும் தனக்கொரு சிலை இல்லை என்பது அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பக்கத்து ஊர் நாற்சந்தியில் யாரோ ஒரு ஆள் கல்லாக நிற்கிறார். ஒரு துண்டறிக்கைகூட எழுதாத ஆள். ஆனால் அவர் தலையில் எந்நேரமும் ஒரு காக்கை. சந்தைக்குப் போகும்போதெல்லாம் தணிகாசலம் அந்தக் காக்கையை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுவார். ‘நம்ம தலையிலும் ஒரு காக்கை வந்து உட்கார்ந்துவிட்டால் போதும். அப்புறம் நிம்மதியாகக் கண்ணை மூடலாம்.’

சங்கம் கூடிச் சிலை வைக்கத் தீர்மானம் போட்டது.

“கல்லுல செஞ்சா தூக்க முடியாது” என்றார் தலைவர் வரதப்பன். சிலையை எதற்குத் தூக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

“மெழுகுல செய்யலாம்” என்றார் செயலாளர் ஏகாம்பரம். “மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி ஊத்தற சூசை இருக்காரு. வேண்டுதலுக்கு மெழுகுல செய்யற கையும் காலும் அவருக்கு அத்துப்படி.”

அப்படியாகத் தீப்பந்தத்துக்கு மெழுகில் சிலை வந்தது. தணிகாசலத்தைவிடத் தணிகாசலம் மாதிரியே இருந்தது. தலைமுடிகூடக் கொஞ்சம் கூடுதல். அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கண் கலங்கியது. வண்டியிலிருந்து இறக்கி வைத்த சூசையோ ஊர் வெயிலைப் பார்த்துத்தான் கலங்கினார்.

“திறப்பு விழா வரைக்கும் குளிர்ச்சியான எடத்துல வைங்க. அதுக்கு மேல உங்க பாடு” என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

அனல்மேட்டில் குளிர்ச்சியான இடம் கிணற்றடி ஒன்றுதான். கிணற்றுக்குள் சிலையை இறக்கலாமா என்று ஏகாம்பரம் கயிறுகூட எடுத்து வந்துவிட்டார். நல்லவேளையாக, நகரத்தில் மூடிப்போன ஒரு லாட்ஜிலிருந்து பழைய ஏசி ஒன்று சங்கத்துக்குக் கிடைத்தது. மெக்கானிக் வந்து சங்கக் கட்டடத்தில் மாட்டினான். அறைக்குள் ஒரு பெட்டி, சுவருக்குப் பின்னால் ஒரு பெட்டி. ஏணியில் நின்றபடி வேர்க்க விறுவிறுக்க அவன் விளக்கம் சொன்னான். சங்கம் கைகட்டிக் கேட்டது.

“இது குளிரை உண்டாக்கற மிஷின் இல்லை சார். உள்ளே இருக்கற சூட்டை வாரிக்கிட்டுப் போய் வெளியே கொட்டும். அவ்வளவுதான்.”

வரதப்பன் நெடுநேரம் யோசித்தார். “அப்ப குளிர் முன்னாடியே இங்கதான் இருந்துதா?”

“சூட்டுக்கு அடியில கெடந்திருக்கு” என்றார் ஏகாம்பரம். “நாமதான் கவனிக்காம விட்டுட்டோம்.”

மெக்கானிக் ஏணியைவிட்டு இறங்கினான். “கதவைத் திறந்து திறந்து மூடாதீங்க. போறவங்களோட குளிர் போயிடும், வர்றவங்களோட வெக்கை வந்துடும். உள்ளே கும்பலாவும் உக்காராதீங்க. மனுஷ உடம்பும் ஒரு அடுப்புதான், சூட்டை விட்டுக்கிட்டே இருக்கும்” என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி பிறப்பதற்குள் மறைந்துவிட்டான்.

சங்கம் அவன் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட வீணாக்கவில்லை. கதவில் நாகமுத்துவை நிறுத்தினார்கள். நாகமுத்து ஆள் வாட்டசாட்டம். சொன்னதைச் செய்வான், சொல்லாததைச் செய்யமாட்டான். உள்ளே போகிறவர்கள் வெக்கையை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று தலைமேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினான். வெளியே வருகிறவர்கள் குளிரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று கம்பளியால் சுற்றி, வேர்க்கும்வரை அமுக்கிப் பிடித்தான். வரதப்பன் போய்வந்தபோது மடியில் குளிர் ஏதும் ஒளித்திருக்கிறாரா என்று வேட்டியை உதறச் சொன்னான்.

“யோவ், நான் தலைவருய்யா.”

“தலைவருக்குத்தான் மடி பெருசு” என்றான் நாகமுத்து.

அப்புறம் அடுப்பு விஷயம் விவாதத்துக்கு வந்தது. அறையில் ஆறேழு அடுப்புகள் உட்கார்ந்துகொண்டு சிலையைக் குளிர வைப்பது எப்படி என்று ஏகாம்பரம் கேட்டார். அது நியாயமாகப் பட்டதால் எல்லோரும் எழுந்து வெளியே போய், வெயிலில் வரிசையாக நின்றார்கள். அறை ஜில்லென்று இருந்தது. உள்ளே மெழுகுத் தணிகாசலம் ஒருவர் மட்டும் சுகமாக நின்றார்.

நிஜத் தணிகாசலம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கதவருகில் போனார். நாகமுத்து வழிமறித்தான்.

“நாங்களாவது அடுப்பு, அண்ணாத்தே. நீ தீப்பந்தம்.”

அதில் ஒரு மரியாதை இருப்பதாகத் தணிகாசலத்துக்குத் தோன்றியது. கதவில் உள்ளே தெரியும்படி கைக்குட்டை அகலத்துக்கு ஒரு கண்ணாடி உண்டு. அதில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு, தன்னைத்தானே பார்த்தபடி நின்றார். எத்தனையோ முறை சிறைக் கம்பிக்குப் பின்னால் நின்று தன்னைப் பார்க்க ஆள் வருமா என்று ஏங்கியவர். யாரும் வந்ததில்லை. இப்போது ஒருவர் வந்திருக்கிறார், அதுவும் அவரே.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது, கோவிந்தம்மா வரும்வரை. கோவிந்தம்மாவுக்குச் சங்கக் கட்டடத்தின் பின்சுவரை ஒட்டி டீக்கடை. மறுநாள் திறப்பு விழா. முந்தின நாள் மத்தியானம் முந்தானையால் விசிறிக்கொண்டே வந்து நின்றாள்.

“இன்னாய்யா சங்கம் இது? உங்க ரூம்பு வெக்கையெல்லாம் அந்தப் பொட்டி என் மூஞ்சில ஊதுது. பால் அடுப்பில்லாமயே பொங்குது. நீங்க குளுகுளுன்னு இருக்க நான் வேவணுமா?”

“நாங்க எங்கம்மா குளுகுளுன்னு கீறோம்?” என்றார் வரதப்பன், வெயிலில் நின்றபடி.

“அப்ப யாரு கீறது உள்ள?”

எல்லோரும் தணிகாசலத்தைப் பார்த்தார்கள்.

அவருக்குச் சுருக்கென்றது. ஒருத்தன் குளிர்காய்வதற்கு இன்னொருத்தன் எரியக் கூடாது என்று அவர் அச்சடித்த துண்டறிக்கைகளை அடுக்கினால் அந்தச் சிலை உயரம் வரும். அப்படிப்பட்டவருடைய சூடு ஒரு டீக்கடைக்காரியின் தலையில் கொட்டப்படுகிறது. ஒரு பக்கம் கொள்கை. இன்னொரு பக்கம் காக்கை. அவர் தொண்டையைக் கனைத்தார்; கனைத்தால் பேச்சு நீளும் என்று தெரிந்து எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். தரை கொதித்ததால் உடனே எழுந்தார்கள்.

“நம்ம வெக்கை நம்ம உழைப்புல வந்தது. அதை அடுத்தவங்க மேல கொட்ட நமக்கு உரிமையில்லை. வெளிப்பெட்டியைத் தூக்கி உள்ளே வைங்க.”

“உள்ள வெச்சா சிலை?” என்றார் ஏகாம்பரம்.

“ஒரு பெட்டி குளிரை ஊதும், ஒரு பெட்டி சூட்டை ஊதும். ரெண்டுக்கும் நடுவுல சிலை. கூட்டிக் கழிச்சா ஒண்ணும் ஆகாது.”

கணக்கு சரியாக இருந்தது. ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி: சிலையின் எந்தப் பக்கம் சூட்டுக்கு, எந்தப் பக்கம் குளிருக்கு?

“முகம்தான் முக்கியம்” என்றார் வரதப்பன். “முதுகை யாரு பாக்கறாங்க?”

மெக்கானிக் குழாயை நீளமாக விட்டுச் சுருட்டி வைத்திருந்தான். ஆகவே பெட்டியை ஜன்னல் வழியாக உள்ளே இழுக்கக் கஷ்டப்படவில்லை. சிலையின் முதுகை ஒட்டி வைத்தார்கள். ஜன்னலை அடைத்தார்கள். கதவிடுக்கில் சாக்கைத் திணித்தார்கள். கோவிந்தம்மாவிடம் தணிகாசலமே போய், “இனிமே உனக்கு எங்க சூடு ஒரு துளிகூட வராது” என்று உறுதி கொடுத்தார்.

“போடற டீயாவது ஆறாம குடிச்சிட்டுப் போ” என்றாள் அவள்.

மறுநாள் காலையில் பந்தல் போட்டு, பீடத்தைச் சுற்றித் தோரணம் கட்டினார்கள். திறந்து வைக்க ஒரு வாரியத் தலைவர் வருவதாக ஏற்பாடு. எந்த வாரியம் என்று அவருக்கும் தெரியாது. சிலையை எடுத்துவர நாகமுத்து கதவைத் திறந்தான். இட்லிப் பானையைத் திறந்த மாதிரி ஆவி அவன் முகத்தில் அடித்தது.

தரையெல்லாம் வெள்ளையாக ஓடிக் கிடந்தது. நடுவில் முகம் மட்டும் மல்லாந்து, கொள்கைப் பிடிப்போடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“முகத்துக்கு ஒண்ணும் ஆவல” என்றார் வரதப்பன். “நான் சொன்னேன்ல?”

ஏகாம்பரம் நாகமுத்துவின் பக்கம் திரும்பினார். “உள்ள இருந்த குளிர் எங்கடா? எவனோ கொண்டுபோயிருக்கான். கம்பளி சுத்தாம யாரையாவது விட்டியா?”

நாகமுத்து யோசித்துப் பார்த்தான். “அந்த மெக்கானிக்குதான். அவன் போனப்ப கதவுல நான் இல்ல.”

களவுக்குத் துப்புத் துலங்கிவிட்டது. ஆனால் சிலை இல்லை. தணிகாசலம் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார். பக்கத்து ஊர்க் காக்கை மனக்கண்ணில் இறக்கையடித்துக்கொண்டு போனது. அதற்குள் தெருமுனையில் காரின் ஹாரன் கேட்டது.

“அசல் இருக்கும்போது நகல் எதுக்கு?” என்றார் ஏகாம்பரம். “அண்ணன் ஏறி நிக்கட்டும்.”

“என்னைவிட அதுக்கு முடி அதிகம்” என்றார் தணிகாசலம்.

“துணி போட்டு மூடிடறோம்.”

“திறப்பு விழாய்யா. துணியை எடுப்பாங்க.”

“எடுத்தப்புறம் பாத்துக்கலாம்.”

பீடத்தில் ஏற்றி, ஒரு கையைத் தூக்கி நிற்கவைத்து, மேலே துணி போர்த்தினார்கள். வாரியத் தலைவர் வந்தார், கயிற்றை இழுத்தார், கைதட்டல் ஒலித்தது. பிறகு ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார்.

“மறைந்த தலைவர் தணிகாசலம் மட்டும் இன்று உயிரோடு இருந்திருந்தால், மகாஜனங்களே...”

தணிகாசலத்துக்கு நாக்கு துடித்தது. ஒலிபெருக்கி இருக்கிற இடத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு இருந்தது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். ஆனாலும் அசையவில்லை. சிலை அசைந்தால் ஊர் மானம் போய்விடும். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கோவிந்தம்மா பக்கத்தில் இருந்தவளிடம், “அப்பிடியே கீது. முடியைத்தான் கொறச்சிட்டானுங்க, பாவிங்க” என்றாள்.

அப்போதுதான் அது நடந்தது. பந்தக்கால்மேல் இருந்த ஒரு காக்கை கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. பறந்தது. நேராக வந்து தணிகாசலத்தின் தலையில் உட்கார்ந்தது.

நகம் குத்தியது. அந்த வலியைப் போல இதமான ஒன்றை அவர் அனுபவித்ததில்லை. காக்கை ஒரு தடவை கரைந்தது. தன் தலைக்குள்ளிருந்தே அது கேட்ட மாதிரி இருந்தது. அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து கன்னத்தில் இறங்கியது. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து மூக்கு நுனியில் சொட்டியது.

நாகமுத்து அதைப் பார்த்துவிட்டான்.

“சிலை உருகுது!”

கூட்டம் எழுந்தது. காக்கை பறந்தது. ஆளுக்கொரு கையும் காலுமாகத் தணிகாசலத்தைத் தூக்கிக்கொண்டு சங்கக் கட்டடத்துக்கு ஓடினார்கள். தூக்குவதற்குத் தோதாக இருக்க வேண்டும் என்று அன்றே சொன்னது எவ்வளவு நல்லதாயிற்று என்று வரதப்பன் ஓடிக்கொண்டே எல்லோருக்கும் ஞாபகப்படுத்தினார். வாசலில் நாகமுத்து விதிப்படி ஒரு குடம் தண்ணீரை ஊற்றினான். தரையில் கிடந்த மெழுகை முகத்தோடு வழித்து வெளியே போட்டுவிட்டு, அவரை உள்ளே கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஏசியைப் போட்டார்கள். அடுப்புகள் எல்லாம் உள்ளே இருக்கக் கூடாது என்பதால் அவசர அவசரமாக வெளியேறிக் கதவைச் சாத்தினார்கள்.

தணிகாசலம் தூக்கிய கையை இறக்காமல் அறையில் தனியாக நின்றார். மூக்கைத் தொட்டுப் பார்த்தார்; இருந்தது. காதைப் பார்த்தார், இருந்தது. ஆனால் நெற்றியில் மறுபடி ஈரம். அவருக்குப் பகீரென்றது. தப்பு நடந்திருக்கிறது. எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். ஒரு அடுப்பு மட்டும் இன்னும் அறைக்குள்ளேயே இருக்கிறது. அதுவும் சாதாரண அடுப்பு இல்லை, தீப்பந்தம்.

சத்தமில்லாமல் கதவைத் திறந்து வெளியே வந்து, சாத்தினார். நாகமுத்து அவரைக் கம்பளியால் சுற்றி, குளிரைத் திருப்பி வாங்கிக்கொண்டான். கொளுத்தும் வெயிலில் கம்பளியோடு நின்று, கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தி அவர் உள்ளே பார்த்தார்.

கோவிந்தம்மா டீ டம்ளரோடு வந்தாள்.

“யாரப் பாக்கற அண்ணாத்தே?”

“என்னைத்தான்.”

“எப்பிடி கீற?”

தணிகாசலம் காலியான அறையை இன்னொரு தடவை நன்றாக உற்றுப் பார்த்தார். அவர் முகத்தில் நிம்மதி பரவியது.

“ஒரு சொட்டுகூட உருகல.”