யாரும் எடுக்காத கோப்பை

ஒரே பரிசுக்குப் பலர் அடித்துக்கொண்ட கதைகளை நிறையக் கேட்டிருப்பீர்கள். இது மூன்று பேர் தொடக் கூசிய ஒரு கோப்பையின் கதை. கவனமாகக் கேளுங்கள், கடைசியில் நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

குன்னூரைச் சேர்ந்த தமயந்தி பள்ளியில் ஹாக்கி ஆடியவள். அவள் பந்தை விளாசுகிற வேகத்தைப் பார்த்து, உடற்பயிற்சி ஆசிரியை அவளைக் கோல்ஃப் மைதானத்துக்கு அழைத்துப்போனார். இருபத்தொரு வயதில் அதையே தொழிலாக்கிக்கொண்டாள். பதினான்கு ஆண்டுகள் ஊர் ஊராகப் போய் ஆடினாள். இரண்டாம் இடம் பலமுறை வந்தது. முதலிடம் ஒருமுறைகூட வரவில்லை. விழாக்களில் அவளை அறிமுகம் செய்கிறவர்கள் 'நூலிழையில் தவறவிட்டவர்' என்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள்.

தம்பி கதிரவன் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். மைதானத்தில் அக்காவின் மட்டைப் பையைத் தூக்க நம்பிக்கையான ஆள் அமையவில்லை என்றதும் கடையை மூடிவிட்டுக் கூடவே கிளம்பினான். கோல்ஃபில் பை தூக்குபவர்தான் காற்றையும் தூரத்தையும் பார்த்து, எந்த மட்டையை எடுக்கலாம் என்று சொல்வார். அவர் விதியை மீறினால் ஆடுபவரே மீறியதாகக் கொள்வார்கள்.

பதினான்காவது ஆண்டின் கடைசிப் போட்டி நடந்தது. ஜெயித்தால் வெளிநாட்டுப் போட்டிகளில் ஆட இடம் கிடைக்கும். தோற்றால் இதோடு போதும் என்று தமயந்தி வீட்டில் சொல்லியிருந்தாள். குறைந்த அடிகளில் முடிப்பவர்தான் ஜெயிப்பார்; கடைசிக் குழிக்கு வந்தபோது அவளும் ரெஜினாவும் அடிக் கணக்கில் சமமாக இருந்தார்கள். ரெஜினா அவளோடு ஒரே ஆண்டில் இந்தத் தொழிலுக்கு வந்தவள். வெளியூர்களில் ஒரே அறையில் தங்கிய தோழி.

தமயந்தி அடித்த பந்து சரிவில் இறங்கி மரங்களுக்குள் போனது. கதிரவன் முன்னால் ஓடினான். பந்து இரண்டு வேர்களுக்கு நடுவே சிக்கிக் கிடந்தது. மட்டையை வீசவே முடியாது. அக்கா இன்னும் மேட்டுக்கு அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். அவன் ஷூ நுனியால் பந்தை ஒரு சாண் வெளியே தள்ளினான்.

"இங்க இருக்குக்கா! அடிக்கிற மாதிரிதான் கெடக்கு" என்று கத்தினான்.

எதிர்ப்பக்கம் தன் பந்தருகே நின்ற ரெஜினா அதைப் பார்த்துவிட்டாள். வாய் திறக்கவில்லை.

தமயந்தி ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் ஜெயித்தாள். கோப்பையை வாங்கிக்கொண்டு மேடையிலேயே தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவனும் அழுதான். சந்தோஷத்தில் அழுகிறான் என்று நினைத்தாள்.

மறுநாள் காலை ரெஜினா போனில் வாழ்த்துச் சொன்னாள். பேச்சு முடியும்போது குரலைத் தாழ்த்தி, "அந்த மரத்தடி விஷயத்த மனசுல வச்சுக்காத தமா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"எந்த மரத்தடி விஷயம்?"

ரெஜினா தான் பார்த்ததைச் சொன்னாள்.

"நான் சொல்லித்தான் அவன் செஞ்சான்னு நெனச்சியா?"

ரெஜினா அவசரமாக மறுபடியும் வாழ்த்துச் சொன்னாள்.

"பதினாலு வருஷமா என்னப் பாக்குற, ரெஜி."

போனை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். தம்பி தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஒவ்வொரு தடவையும் தோத்துட்டு வந்து, ஒண்ணுமே நடக்காத மாதிரி நீ சிரிக்கிறத என்னால பாக்க முடியலக்கா. கால் தானாப் போயிடுச்சு."

"மேடைல உன்னக் கட்டிக்கிட்டு அழுதேனேடா. அப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

அவன் தட்டைப் பார்த்தபடியே தோசையைப் பிய்த்தான்.

அன்றே தமயந்தி கோப்பையோடு போட்டிக் குழுத் தலைவரைப் பார்க்கப் போனாள். கதிரவன் வாசலோடு நின்றுகொண்டான். பந்து இடம் மாறியது ஆடியவருக்கே தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று பொதுவாகக் கேட்டாள்.

"போட்டி முடிஞ்சு அறிவிச்சாச்சும்மா. தெரியாம நடந்திருந்தா முடிவு மாறாது. ஆனா வேணும்னே தள்ளின ஆளுக்கு இனிமே எந்த மைதானத்துலயும் எடமில்ல" என்றார் தலைவர்.

அவள் கோப்பையை அவர் மேசைமேல் வைத்தாள். "பந்து கெடந்த எடத்துலேர்ந்து நான் ஆடல சார். பொறுப்பு என்னுது."

"தள்ளினது யாரு? நீங்களா?"

"பொறுப்பு என்னுதுன்னு சொல்லிட்டேனே."

வாசலில் நின்ற கதிரவன் எல்லாவற்றையும் கேட்டான். உள்ளே வரவில்லை.

குழு அவள் வெற்றியை ரத்துசெய்து, ஆடத் தடையும் போட்டது. தமயந்தி ஏமாற்றி ஜெயித்தாள் என்று ஊரெல்லாம் பேசியது. படித்த பள்ளியில் மாட்டியிருந்த அவள் படத்தைக் கழற்றினார்கள். கடைவீதியில் தெரிந்தவர்களைக் கண்டால் அவள் அம்மா அடுத்த தெருவுக்குத் திரும்பினார். கோப்பையை இரண்டாவதாக வந்த ரெஜினாவுக்குக் கொடுக்க முன்வந்தார்கள். "எனக்கு வேண்டாம்" என்றாள், காரணம் சொல்லவில்லை. தோழிக்காகப் பரிசையே துறந்த பெருந்தன்மை என்று பத்திரிகைகள் எழுதின. அவள் மறுக்கவில்லை. கோப்பை குழு அலுவலகத்து அலமாரியிலேயே தங்கிவிட்டது.

இப்போது சொல்லுங்கள். தம்பி பந்தைத் தள்ளினான். தோழி பார்த்தும் பேசாமல் இருந்தாள். அக்கா தம்பியின் பெயரைச் சொல்லாமல் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். இந்த மூவரில் அதிகம் வெட்கப்பட வேண்டியவர் யார்?

விடை: ரெஜினா என்பதே என் தீர்ப்பு. அந்த இடத்திலேயே அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பந்தைப் பழைய இடத்தில் வைத்து, தண்டனையாக ஓர் அடியைக் கூட்டி ஆட்டம் தொடர்ந்திருக்கும். தமயந்தி தோற்றிருக்கலாம், மானம் போயிருக்காது. ரெஜினா தோழியிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் அவளைக் குற்றவாளி என்று முடிவுகட்டினாள். பிறகு, அவள் செய்யாத குற்றத்தை மன்னிக்கவும் செய்தாள். தமயந்தி கோப்பையைத் திருப்பிக் கொடுத்தது சரி. தம்பியை மறைத்தது சரியில்லை, தன் தவற்றைத் தானே சொல்லும் கடமையிலிருந்து அது அவனைத் தப்பவிட்டது. கதிரவன் சில மாதங்கள் அக்காவின் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டான். பிறகு ஒருநாள் தானாகவே தலைவரிடம் போய்ச் சொன்னான். மைதானங்கள் அவனுக்கு மூடப்பட்டன. பழைய கடையைத் திறந்தான். ரெஜினா அதைப் பார்த்தும் பேசாமல் இருந்ததை மட்டும் அக்காவும் தம்பியும் யாரிடமும் சொல்லவில்லை. தடை நீங்கியதும் கோப்பையைக் கேட்டு வாங்காமலே தமயந்தி மறுபடி ஆடுகிறாள். மைதானத்தில் அவள் எதிரே வந்தால், ரெஜினா குனிந்து தன் ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்குகிறாள்.