கூமிக்கு வந்த கழுதைக் குரல்

பறவைகளும் மிருகங்களும் ஒன்றோடொன்று வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆப்பிரிக்காவின் தென்கோடிக் கடற்கரையில் வாழ்ந்த பென்குயின்களுக்கு மிக மெல்லிய குரல் இருந்தது. ஈர மணலில் நண்டு ஓடினால் கேட்குமே, அவ்வளவு சன்னமான குரல். தாய் குஞ்சைக் கூப்பிட்டாலும் கிசுகிசுப்புதான். சண்டை போட்டாலும் கிசுகிசுப்புதான். அதில் அவர்களுக்குப் பெரிய பெருமை. "கடற்காகங்களைப் போல நாம் கத்துகிறோமா, பாருங்கள்!" என்று காதோடு காதாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அந்தக் கூட்டத்தில் கூமி என்று ஓர் இளம் பென்குயின் இருந்தாள். ஓரிடத்தில் நிற்க மாட்டாள். எது புதிதாகக் கண்ணில் பட்டாலும் கிட்டே போய்ப் பார்த்தாக வேண்டும் அவளுக்கு.

ஒரு நாள் காலையில், வெள்ளைச் சிறகு விரித்த மலை ஒன்று வடக்கிலிருந்து மிதந்து வந்தது.

"எல்லோரும் வளைக்குள் போங்கள்!" என்றாள் கூமியின் அம்மா.

கூட்டம் முழுவதும் வளைக்குள் பாய்ந்தது. கூமி மட்டும் கடலுக்குள் பாய்ந்தாள். நீந்திப்போய் அந்த மலையைச் சுற்றி வந்தாள். மலை மரத்தால் ஆனது! சிறகுகள் துணியால் ஆனவை! மேலே விளிம்பில் சாம்பல் நிறத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது.

"உங்கள் காது ஏன் இவ்வளவு நீளம்?" என்று கேட்டாள் கூமி.

"இவ்வளவு நீளக் காது இருந்தும் நீ பேசுவது எனக்குச் சரியாகக் கேட்கவில்லையே! கொஞ்சம் உரக்கப் பேசு, தங்கச்சி."

"இதற்கு மேல் உரக்கப் பேச எனக்கு வராது!"

தலை சிரித்தது. "என் பெயர் ஜெரிக்கோ. கழுதை. இந்த மனிதர்கள் போர்ச்சுகல் என்ற நாட்டிலிருந்து வருகிறார்கள். இந்த நிலம் எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். கரையோரமாகவே வந்து ஒவ்வொரு வளைவையும் வரைந்துகொள்கிறார்கள். உள்ளே போய்ப் பார்க்கும்போது சுமை தூக்க ஆள் வேண்டாமா? அதற்குத்தான் நான்."

நிலம் எங்கே முடிகிறது! கூமிக்குச் சிலிர்த்தது. அந்த நிலத்திலேயே பிறந்தவள் அவள். ஆனால் மணல்மேட்டைத் தாண்டி என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது.

கப்பல் நங்கூரம் போட்டது. சுக்கான் பிடிக்கும் பிராஸ் என்பவர்தான் ஜெரிக்கோவுக்குத் தீனி வைப்பவர். அவரே அவனைக் கரையில் இறக்கி, முதுகில் பீப்பாய்களைக் கட்டினார். அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த மக்கள், நல்ல தண்ணீர் இருக்கும் திசையைக் கைகாட்டினார்கள். எல்லோரும் மணல்மேட்டுக்கு அப்பால் போய் மறைந்தார்கள்.

கூமி கரையிலேயே காத்துக் கிடந்தாள். மீன் பிடிக்கக்கூட அதிக தூரம் போகவில்லை. ஒருவழியாக ஜெரிக்கோ திரும்பி வந்தபோது கண்கள் பளபளத்தன. பீப்பாய்களை இறக்குவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டான்.

"தங்கச்சி! உள்ளே ஒரு மலை, உச்சியைச் சீவி வைத்தது போலத் தட்டையாக! அடிவாரம் முழுக்கப் பூ! காலை வைக்க இடமில்லை, பூவை மிதித்துக்கொண்டேதான் போனேன். ஆளைவிட உயரமான ஒரு பறவை, பறக்காமல் ஓடுகிறது!"

"பறக்காதா? எங்களைப் போலவா?"

"உங்களைப் போலத்தான்! அப்புறம் கேள். என்னைப் போலவே ஒருவன். இதே முகம், இதே காது, ஆனால் உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு! பிராஸ் கயிற்றோடு கிட்டே போனார். விட்டானே ஒரு உதை! நான் ஆனந்தத்தில் கத்திவிட்டேன்."

"எப்படிக் கத்தினீர்கள், அண்ணே?"

ஜெரிக்கோ கத்திக் காட்டினான். ஹீ... ஹா! ஹீ... ஹா! பாறையில் உட்கார்ந்திருந்த பறவைகள் எல்லாம் ஒரேயடியாக எழும்பின. கூமி மலைத்துப்போனாள்.

"எனக்கும் சொல்லிக் கொடுங்கள்!"

"மூச்சை உள்ளே இழுக்கும்போது ஹீ. வெளியே விடும்போது ஹா. யார் சிரித்தாலும் நிறுத்தக் கூடாது. அவ்வளவுதான்."

கூமி முயன்று பார்த்தாள். காற்றுதான் வந்தது. வளைகளிலிருந்து கிசுகிசுப்பாகச் சிரிப்பு கேட்டது.

"போகட்டும். நான் ஒன்று சொல்கிறேன்," என்றாள் கூமி. "இந்த முனைக்கு அந்தப் பக்கம் கடலுக்கடியில் பாறைகள் வரிசையாக இருக்கின்றன. உங்கள் மனிதர்களிடம் சொல்லுங்கள்."

ஜெரிக்கோ பெருமூச்சு விட்டான். "நான் எதைச் சொன்னாலும் அவர்கள் காதில் ஹீ ஹா என்றுதான் விழுகிறது."

மறுநாள் விடிந்தபோது கடலை மூடுபனி மூடியிருந்தது. அலகை நீட்டினால் அலகு தெரியவில்லை. நங்கூரச் சங்கிலி ஏறும் சத்தம் கூமிக்குக் கேட்டது. பிறகு பாய்மரம் முனகும் சத்தம். கப்பல் நேராகப் பாறைகளை நோக்கி வந்துகொண்டிருந்தது!

கூமி கடைசிப் பாறைக்கு நீந்திப்போய் ஏறி நின்றாள். "இங்கே வராதீர்கள்!" என்று கூவினாள். அலைச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

பின்னாலேயே நீந்தி வந்த அம்மா, "வந்துவிடு கூமி! அது மோதினால் நீயும் நசுங்கிப்போவாய்!" என்றாள்.

கூமி நகரவில்லை. மூச்சை உள்ளே இழுத்தாள். காற்றுதான் வந்தது. மறுபடியும், நெஞ்சு வெடிக்கும்படி இழுத்தாள். தொண்டைக்குள் எதுவோ கிழிந்தது.

ஹீ... ஹா!

பனிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. "பிராஸ்! கழுதையை அடக்கு!" அது கப்பல் தலைவரின் குரல்.

"ஐயா, ஜெரிக்கோ என் பக்கத்தில்தான் நிற்கிறான். வாயே திறக்கவில்லை. சத்தம் முன்னாலிருந்து வருகிறது."

"இந்தக் கடலில் ஏது இன்னொரு கழுதை? எதிரொலியாக இருக்கும். நேராகப் போ."

கூமி மறுபடி கத்தினாள். தொண்டை எரிந்தது. அம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அடுத்த பாறையில் தாவி ஏறினாள். வாழ்நாள் முழுக்கக் கிசுகிசுத்தே பேசிய அவள், கழுத்தை வானத்துக்கு நீட்டிக் கத்தினாள். ஹீ... ஹா! அதைக் கேட்டுக் கூட்டம் முழுவதும் கடலில் குதித்து வந்து, பாறைக்குப் பாறை ஏறி நின்றது. ஹீ... ஹா! ஹீ... ஹா!

"எதிரொலியா, ஐயா? ஒரு மந்தையே கத்துகிறது!" என்று அலறினார் பிராஸ். "கழுதை தண்ணீரிலா நிற்கும்? முன்னால் நிலம்! நிலம்!"

சுக்கான் கிரீச்சிட்டுத் திரும்பியது. பனியைக் கிழித்துக்கொண்டு கப்பலின் பக்கவாட்டு, கூமியின் முகத்தில் அலையை வாரியடித்தபடி உரசாத குறையாகக் கடந்துபோனது. மேலே நீளக் காதுகள் இரண்டு விறைத்து நின்றன. ஜெரிக்கோ தன் முழு பலத்தையும் திரட்டிப் பதில் கத்தினான். கரை கிழக்கே திரும்பும் பக்கமாகக் கப்பல் போய் மறையும் வரை கத்திக்கொண்டே இருந்தான்.

"பிழைத்துவிட்டார்கள், அம்மா!" என்று கூமி மெல்லச் சொல்ல வாயெடுத்தாள். ஹீ... ஹா! என்றுதான் வந்தது. திடுக்கிட்டுப் போய் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஏதோ சொல்லப் போனாள். அவளுக்கும் அதே சத்தம். கூட்டத்தில் ஒருவருக்கும் பழைய குரல் திரும்பவில்லை.

அம்மா சற்று நேரம் தலைகுனிந்து நின்றாள். அப்போது தூரத்துத் தீவு ஒன்றிலிருந்து காற்றோடு ஒரு சின்னச் சத்தம் மிதந்து வந்தது. ஹீ... ஹா! அங்கேயும் பென்குயின்கள்! இவர்களுடைய கத்தல் அங்கே எட்டி, அவர்களும் கத்திப் பார்க்கிறார்கள்! இத்தனை காலமும் அப்படி ஒரு கூட்டம் இருப்பதே இவர்களுக்குத் தெரியாது. கூமி பாறையில் துள்ளிக் குதித்துப் பதில் கொடுத்தாள். அம்மாவும் தலையை நிமிர்த்திச் சேர்ந்துகொண்டாள்.

அன்று பிடித்த வழக்கம்தான் இது. கழுதை என்ற ஒன்றைக் கண்ணாலும் கண்டிராத ஆப்பிரிக்கப் பென்குயின், இன்றைக்கும் பாறையில் ஏறி நின்று, கழுத்தை வானத்துக்கு நீட்டி, கழுதையைப் போலவே கத்துகிறது.