கீறல் விழாத பெட்டி

"மேடம், என் கணக்குல தப்பில்ல. பெறவு அந்தப் பொண்ணு எப்படிச் செத்தா?"

திருமலைக்கொழுந்து இதைக் கேட்டது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த ஜெபமணியிடம். வயதில் அவரைவிடச் சின்னவர் என்றாலும் தொழில் சொல்லிக்கொடுத்தது இந்தம்மாதான். இயந்திரத்தைத் தரையில் போட்டு, தாங்குமா என்று பார்க்கிற தொழில். கேட்டால் சிரிப்பு வரும். சாவு விழுந்த பிறகு யாரும் சிரிப்பதில்லை.

ஜெபமணியின் கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அதை அளந்து ஏற்றும், கொழுந்து கம்பெனியின் பழைய பம்ப் பக்கத்தில் ஓடியது. அதன் மூலையில் விரிசல், விரிசல் மேல் பிளாஸ்திரி.

"கணக்கைச் சொல்லுங்க அண்ணாச்சி."

"இடுப்பு உயரம். மொசைக் தரை. பம்ப் விழுந்தா உள்ள எவ்வளவு அதிரும்னு போட்டேன். தாங்கும்னு வந்துது."

"தரையைத் தொட்டபெறவு எவ்வளவு நசுங்கி நின்னுது?"

"பம்போட பழைய மேல்பெட்டிக்கு எடுத்த அளவையே போட்டேன்."

"இது புதுப் பெட்டில்லா?"

கொழுந்து தலையைக் குனிந்துகொண்டார்.

"பழசு மூலை உடையுதுன்னு எல்லாரும் ஏசுனாங்க மேடம். முதலாளி கெட்டியாப் போடச் சொன்னாரு. இது நசுங்கவே நசுங்காது. நர்சம்மா கை தவறி விட்டப்பக்கூட ஒரு கீறல் இல்ல. அதான் தொடச்சிட்டுத் திரும்ப மாட்டிட்டாங்க."

பிள்ளை பெற வந்தவளுக்கு மெல்ல மெல்ல ஏற வேண்டிய மருந்து ஒரே மூச்சில் ஏறிவிட்டது. பெட்டிக்குள் என்னவோ விட்டுப்போயிருந்தது. இந்த மனுஷன் கீறல் இல்லை என்பதை இன்னும் பெருமையாகத்தான் சொன்னார். ஜெபமணிக்கு எரிச்சலாக வந்தது.

"பெட்டி வாங்காத அடி எங்க போச்சு அண்ணாச்சி?"

அவர் காலடியில் இருந்த பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டார்.

"இப்ப என்ன செய்யப்போறீங்க?"

"பம்ப் மேல குத்தமில்ல, நர்ஸ் மேலதான்னு என்னையச் சொல்லச் சொல்லுதாரு முதலாளி. இதே பம்ப் பல ஆஸ்பத்திரில ஓடுது. திரும்ப எடுத்தா கம்பெனியே படுத்துரும்."

"பையில என்ன?"

"அதே மாடல்தான். நேத்து வேறொரு ஆஸ்பத்திரியில படியில விழுந்துது. ஓட்டிப் பாத்தேன், நல்லாத்தான் ஓடுது."

எடுத்துக் கட்டிலில் வைத்தார். புதுசு போலப் பளபளவென்று இருந்தது.

ஜெபமணி கையை நீட்டினார்.

"இந்த ஒட்டுப்போட்டதக் கழட்டிட்டு, அத எனக்கு மாட்டுங்க."

"மேடம்..."

"நல்லாத்தான ஓடுதுன்னீங்க."

கொழுந்து குழாயைத் தொட்டார். ஜெபமணி நீட்டின கையை மடக்கவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை.

கொழுந்து குழாயை விட்டுவிட்டார். சட்டைப்பையைத் தடவிப் போனை எடுத்தார். கூப்பிட்டது முதலாளியை அல்ல, பம்ப் படியில் விழுந்த அந்த ஆஸ்பத்திரியை.

"சிஸ்டர், எங்க கம்பெனி பம்ப் வேற ஏதும் இப்ப யாருக்காவது மாட்டியிருக்கா?"

"ரெண்டு பேருக்கு ஓடுது சார். ஏன்?"

"அதுல ஏதும் கீழ விழுந்துச்சாம்மா?"

சிஸ்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"தெரியல சார். பாத்தா ஒரு கீறல்கூட இல்ல."