கிளிக் கூப்பாடு

"இந்தப் பீடையை நீங்களே வச்சுக்குங்க, தாயே. இல்லைன்னா இங்கேயே கழுத்தைத் திருகிப் போட்டுட்டுப் போறேன்."

தாண்டவராயர் கூண்டை மடத்து வாசலில் தொப்பென்று வைத்தார். உள்ளே இருந்த இளங்கிளி சரிந்து விழுந்து, கம்பியைப் பற்றிக்கொண்டது.

வெள்ளியம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த மலை மடத்துக்கு அவள்தான் குரு. தாண்டவராயரைவிட மிகவும் இளையவள்.

அவர் அடிவாரத்து ஊரில் வெல்ல மண்டி வைத்திருப்பவர். அவர் அதட்டினால் வண்டி மாடுகூட நின்று திரும்பிப் பார்க்கும். கோபத்தை விட வேண்டும் என்று சொல்லித்தான் அவளிடம் சீடராக வந்தார்.

மழையில் விழுந்த இலவ மரத்தின் பொந்திலிருந்து அந்தக் குஞ்சை எடுத்து வளர்த்தவள் அவள். இறகு முளைத்ததும் அவர் கையில் கொடுத்து, "நல்லா பறக்கிற வரைக்கும் உங்க வீட்டுல இருக்கட்டும்" என்றாள். காரணம் சொல்லவில்லை.

"என்ன செய்யுது?" என்று கேட்டாள்.

"கத்துது! விடிஞ்சா கத்துது, பொழுது சாஞ்சா கத்துது. நான் எதிர்ல உட்கார்ந்திருந்தா சத்தமே இல்லை. எழுந்து அடுத்த அறைக்குப் போயிட்டா போதும், வீடே இடிஞ்சு விழற மாதிரி கத்துது. வேணும்னே செய்யுது."

"வேற?"

"அந்தியில அலகைக் கரகரன்னு அரைக்குது. என்னைப் பார்த்துப் பல்லைக் கடிக்குது."

"தூக்கம் வந்தா அப்படித்தான் அரைக்கும். கிளிக்கு ஏது பல்லு?"

அவர் முகம் சிவந்தது.

"மத்தியானமெல்லாம் தனக்குத் தானே முணுமுணுக்குது. என்னைத்தான் திட்டுது."

"குரலைப் பழக்கிக்குது."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கீங்க! இங்கே இருந்தப்போ இது கத்தவே இல்லையே. என் வீட்டுக்கு வந்ததும் என்ன கேடு வந்துச்சு?"

அவள் கீரைத் தண்டை ஒடித்தாள்.

"கத்தும்போது நீங்க என்ன செஞ்சீங்க?"

"துணி போட்டு மூடினேன். அடங்கலை. தாம்பாளத்தை எடுத்துத் தட்டினேன். அடங்கலை. சாமான் அறையில வச்சுக் கதவைச் சாத்தினேன்."

"அப்புறம்?"

அவர் வேறு பக்கம் பார்த்தார்.

"நேத்து கூண்டை எட்டி உதைச்சேன்."

அவள் கை நின்றது.

"அதுக்கு என் வீட்டுக்காரி செண்பகம் என்ன சொன்னா தெரியுமா? 'கிளி கத்தறதைக் கேட்டுக்கிட்டு இருந்துடலாம், நீங்க கத்தறதைக் கேட்க முடியாது'ன்னு சொல்லிட்டு அவ அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிப் போயிட்டா. ஒரு பறவையால என் குடும்பம் போச்சு!"

வெள்ளியம்மை எழுந்து வந்து கூண்டருகே குனிந்தாள். கிளியின் இடது காலில் ஒரு நகம் பிய்ந்து போயிருந்தது. விரலில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

அவள் உள்ளே போய் மஞ்சளைக் குழைத்து எடுத்து வந்து பூசினாள். பூசிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கோபப்பட்டு அவர் பார்த்ததே இல்லை. இன்று பார்த்தார்.

கூண்டைக் கூரை இறவாணத்தில் மாட்டினாள்.

"வாங்கிக்கறேன். முதல்ல என்கூட மேலே வாங்க. விறகு வேணும்."

மடத்துக்கு மேலே தாண்டவராயர் ஏறியதே இல்லை. அவள் முன்னால் நடந்தாள். பாதை ஒற்றையடியாகி, பிறகு அதுவும் புல்லுக்குள் மறைந்தது. பனி இறங்கியது. முதலில் மரங்கள் மறைந்தன. கொஞ்ச நேரத்தில் அவருக்குத் தன் கால்களே சரியாகத் தெரியவில்லை.

"தாயே, மெதுவா போங்க."

பதில் இல்லை.

"தாயே?"

எங்கோ தண்ணீர் விழும் சத்தம். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஓர் அடி எடுத்து வைத்தார். கல் ஒன்று புரண்டு உருண்டது. அது விழுந்துகொண்டே இருந்தது. அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"எங்கே இருக்கீங்க? இது என்ன விளையாட்டு?"

பனி அசையாமல் நின்றது.

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. மண்டியில் கத்துவதைப் போலக் கத்தினார். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். நீயெல்லாம் ஒரு குருவா என்று கத்தினார். உன் மடத்துக்குத் தீ வைக்கிறேன் என்றார். சொல்லக்கூடாத வார்த்தைகளைச் சொன்னார்.

வெள்ளியம்மை பக்கத்துப் பாறைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள். அவர் மூச்சு வாங்குவதுகூட அவளுக்குக் கேட்டது. அந்தக் காய்ந்த ரத்தம் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காக்க வைத்தாள்.

வசவு தீர்ந்தது. கத்தல் மட்டும் மிஞ்சியது. அதில் வார்த்தையே இல்லை. பிறகு அதுவும் உடைந்தது.

"யாராவது... யாராவது இருக்கீங்களா?"

"ம்" என்றாள் அவள்.

அந்த நொடியே அவர் வாய் அடங்கியது. புல்லில் உட்கார்ந்தார்.

அவள் பாறைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாள். "இங்கேயேவா இருந்தீங்க?" என்றார்.

"இங்கேயேதான்."

"நான் கூப்பிட்டது காதுல விழலையா?"

"விழுந்தது."

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கலை?" அவர் குரல் மறுபடி ஏறியது. "ஒரு வார்த்தை! ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போயிருக்கும் உங்களுக்கு?"

"நீங்களா ஓயட்டும்னு இருந்தேன்."

அவர் கையை ஓங்கினார். கை மேலேயே நின்றது.

அப்போது கீழே, மடத்துப் பக்கமிருந்து, கிளி கத்தியது. நீளமாக, காதைக் கிழிக்கிறாற்போல.

ஓங்கிய கை தானாக இறங்கியது. அவர் எழுந்தார். கோபம் இன்னும் முகத்தில் அப்படியே இருந்தது. கன்னம் நனைந்திருந்தது.

"இருக்கேன்!" என்று பனியைப் பார்த்துக் கத்தினார். "இங்கேதான்டா இருக்கேன்!"

கிளி மறுபடி கத்தியது.

வெள்ளியம்மை வழி காட்டக் கையை நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கத்தலுக்கும் பதில் சொல்லிக்கொண்டே இறங்கினார்.